தள்ளுகாரர்கள் யார் கணக்கில்

போர் வருவதற்கு முன்னால் அவர் பஸ் கண்டக்டராக இருந்தார். ரயில் நிலையத்திலிருந்து துணி மில் வரைக்கும் போகிற பஸ். காலை ஷிப்டுக்குப் போகிற மில் ஆட்கள் படியில் தொங்கிக்கொண்டு வருவார்கள். அந்த நெரிசலுக்குள் யார் காலையும் மிதிக்காமல் பின்படியிலிருந்து முன்படிக்கு நழுவிப் போய்விடுவார். "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ளதான் காலியா கிடக்கே" என்று அவர் போடுகிற சத்தத்தில் தூங்கி வழிகிறவனும் தன்னையறியாமல் நகர்ந்து இடம் விடுவான். வீட்டில் மனைவி, ஒரு மகள், மாமனார். மனைவி ஒரு துணிக்கடைக்குச் சட்டைக் காலர் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாமனார் அதே பஸ் கம்பெனியில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளைக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அதைத் தினம் ஒரு தரமாவது சொல்லிக்காட்டாவிட்டால் அவருக்குச் சாப்பிட்டது செரிக்காது.

போர் வந்ததும் ஆள் எடுக்கிற அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்ன வேலை பாத்தே?"

"பஸ் கண்டக்டருங்க."

அவர் 'போக்குவரத்து' என்று எழுதினார். அந்த ஒரு வார்த்தைதான் கண்டக்டரை ராணுவத்தின் சப்ளை கம்பெனியில் கொண்டுபோய்விட்டது. அங்கே மூட்டை தூக்கினார், பெட்டி அடுக்கினார். சில மாதம் கழித்து, விமானத்தில் சரக்கு ஏற்றி இறக்க ஆள் வேண்டும், விருப்பமுள்ளவர்கள் கை தூக்கலாம் என்று அறிவித்தார்கள். கண்டக்டர் கை தூக்கவில்லை. கை தூக்காதவர்களையும் சேர்த்தே லாரியில் ஏற்றினார்கள்.

போன இடம் ஒரு மண் ஓடுதளம். ஒரு பக்கம் வரிசையாகக் கூடாரங்கள், இன்னொரு பக்கம் இரட்டை எஞ்சின் சரக்கு விமானங்கள். மலைகளுக்கு அப்பால் நம் படை ஒன்று நாலா பக்கமும் எதிரி சூழ மாட்டிக்கொண்டிருந்தது. சாலை இல்லை. மாவு, மருந்து, தோட்டா, கோவேறு கழுதைகளுக்குத் தீனி, எல்லாமே மேலேயிருந்துதான் போக வேண்டும். விமானம் அங்கே இறங்க வழியில்லை. தாழப் பறந்து வட்டம் போடும், கதவைக் கழற்றிப் போட்ட வாசல் வழியாகச் சரக்கைக் கீழே தள்ள வேண்டும். ஏற்றுவது என்னவோ அவர்கள் சொன்ன மாதிரிதான் இருந்தது. இறக்குவது இப்படி என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

அந்த விமானப் பிரிவை ஸ்குவாட்ரன் என்றார்கள்; அதன் அமைப்பு கண்டக்டருக்குப் பிடிபடக் கொஞ்ச நாள் ஆனது. எல்லாருக்கும் மேலே ஒரு தலைவர். வயது முப்பதுகூட ஆகியிருக்காது, ஆனால் எல்லாரும் அவரைப் 'பெரியவர்' என்றுதான் சொன்னார்கள். அவருக்குக் கீழே இரண்டு குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் பாதி விமானங்கள். ஒரு விமானத்துக்கு நாலு பேர்: பைலட், துணை பைலட், வழி பார்க்கிறவர், ரேடியோக்காரர். விமானத்தைப் பழுது பார்க்கிற மெக்கானிக்குகள் தனிக் கூட்டம். அவர்களுக்கு ஒரு சார்ஜெண்ட். பைலட்டே ஆனாலும் அவரிடம் கேட்காமல் எஞ்சின் மூடியைத் தொட முடியாது. பிறகு சமையல்காரர், மருத்துவர், லாரி டிரைவர்கள். இத்தனை பேரையும் ஒரு கூடாரத்தில் உட்கார்ந்து கட்டி மேய்த்தவர் நிர்வாக அதிகாரி. கண்ணாடி இல்லாமல் எதிரில் நிற்பது யானையா ஆளா என்று தெரியாத மனிதர். அதனால் பெயரே கண்ணாடிக்காரர்.

இந்த ஏற்பாட்டில் எங்கேயும் ஒட்டாமல் இருந்தவர்கள் சரக்கைத் தள்ளுகிறவர்கள். ஒரு விமானத்துக்கு நாலு தள்ளுகாரர்கள். வேலை ஸ்குவாட்ரனில், பெயர் சப்ளை கம்பெனியில். ஸ்குவாட்ரன் விமானப்படை, கம்பெனி தரைப்படை. கம்பெனியின் அலுவலகமோ லாரியில் அரை நாள் தூரத்தில், நகரத்தில் இருந்தது.

முதல் தடவை மேலே போனபோது கண்டக்டர் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். இரண்டாவது தடவையும் எடுத்தார். மூன்றாவது தடவைக்குள் கால் பழகிவிட்டது. ஆடுகிற வண்டியில் எதையும் பிடிக்காமல் நிற்பது அவருக்குப் புதிதில்லையே. இடுப்பில் வார் கட்டிக்கொண்டு வாசலோரம் மூட்டைகளை அடுக்கி வைப்பார்கள். போட வேண்டிய இடத்துக்கு மேலே வந்ததும் பைலட் முன்னாலிருந்து மணி அடிப்பார். உடனே இரண்டு பேர் மல்லாந்து படுத்துக் காலால் உதைக்க, இரண்டு பேர் பின்னாலிருந்து நகர்த்திக் கொடுப்பார்கள். மறுபடி மணி அடித்தால் நிறுத்த வேண்டும்.

"இத்தனை வருஷம் நான் மணி அடிச்சா டிரைவர் கேட்டாரு. இப்போ டிரைவர் மணி அடிச்சு நான் கேக்கறேன்" என்று அவர் சொன்னதைக் கேட்டுக் கூடாரமே சிரித்தது. அன்றிலிருந்து அவர் எல்லாருக்கும் கண்டக்டர். யாரும் நியமிக்காமலே தள்ளுகாரர்களுக்குத் தலைவர் மாதிரியும் ஆகிவிட்டார். எந்த விமானத்தில் யார் ஏறுவது என்று காலையில் விமானத்தடியில் நின்று வாயால் சொல்வார். "நீ, நீ, நீ, அப்புறம் நீ. ஏறுங்க." அவ்வளவுதான் ஏற்பாடு.

தகராறு சாப்பாட்டில் ஆரம்பித்தது. ஸ்குவாட்ரனின் சாப்பாட்டுக் கூடாரத்துக்குப் போனால் சமையல்காரர் கரண்டியைக் குறுக்கே நீட்டினார்.

"உங்களுக்கு உண்டான ரேஷன் உங்க கம்பெனிக்குப் போகுது. அங்க போய்க் கேளுங்க."

"அது அரை நாள் தூரம் இருக்குங்களே."

"அதுக்கு நான் என்ன செய்ய? என்கிட்ட எண்ணித்தான் கொடுக்கறாங்க."

கம்பெனியிலிருந்து வாரம் ஒரு லாரி வரும். கல் மாதிரி ரொட்டியும் தகர டப்பா இறைச்சியும் கொண்டுவரும். அதை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். கண்டக்டர் சமையல்காரரிடம் நைச்சியமாகப் பேசி, காய் நறுக்கிக் கொடுத்து, பாத்திரம் தேய்க்க ஆள் அனுப்பி, மிஞ்சிய குழம்பைச் சட்டியோடு கூடாரத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். எல்லாரும் சாப்பிடுவார்கள். ஒருவன் மட்டும் தொடமாட்டான்.

அவனுக்கு வக்கீல் என்று பெயர். சட்டம் படித்தவன் இல்லை, காய்கறி மார்க்கெட்டில் சுமை தூக்கினவன். ஆனால் எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி போடாமல் விடமாட்டான். விடிந்துவிட்டது என்று சொன்னால்கூட யார் முடிவு பண்ணினது என்று கேட்கிற ரகம்.

"மிச்சத்தை நாய்க்குப் போடுவாங்க. நான் கேக்கறது எனக்கு வரவேண்டிய சாப்பாடு" என்பான்.

"வயிறு நிறைஞ்சா சரி. இதுல மானம் ரோஷம் எல்லாம் பாக்க முடியுமா?"

"நீங்க கெஞ்சிக் கெஞ்சி வாங்கறதாலதான் அவங்களும் இப்படியே விட்டுட்டாங்க. பத்து நாள் எல்லாரும் பட்டினி கிடந்து பாருங்க, பெரியவரே எறங்கி வருவாரு."

"பட்டினி கிடந்துட்டு மூட்டை தள்ளுவியா? மூட்டையோட நீயும் போவே."

"அதைத்தான் கேக்கறேன். மேல ஏறினா நாம ஸ்குவாட்ரன் ஆளு. கீழ எறங்கினா கம்பெனி ஆளு. நடுவுல விழுந்தா யாரு ஆளு?"

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று கண்டக்டர் எரிந்து விழுவார்.

இரண்டு பேரும் எலியும் பூனையுமாகத்தான் இருந்தார்கள். கண்டக்டருக்கு அவனைக் கண்டாலே தலைவலி. ஆனாலும் வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. மார்க்கெட்டில் உருண்ட உடம்பு. மற்றவர்கள் இரண்டு பேராக நகர்த்துகிற பெட்டியைத் தனியாக வாசல்வரை கொண்டுவருவான், வாய் மூடாமல் பேசிக்கொண்டே.

மழைக்காலம் பிடித்துக்கொண்டபோது ஒரு நாள் காலை மூன்று விமானங்கள் கிளம்பின. மலை முழுக்க மேகம். ஒன்று போக முடியாமல் பாதியில் திரும்பியது. கண்டக்டர் ஏறியிருந்த விமானம் சரக்கைப் போட்டுவிட்டு வந்தது. வக்கீலும் இன்னும் மூன்று தள்ளுகாரர்களும் ஏறிய விமானம் வரவில்லை. சாயங்காலம் வரைக்கும் எல்லாரும் வானத்தைப் பார்த்தபடி ஆளுக்கொரு வேலை செய்வதுபோலப் பாவனை பண்ணிக்கொண்டிருந்தார்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் தேடிப் போன விமானங்கள் மேகத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

பெரியவர் அந்த விமானத்தின் பைலட், துணை பைலட், வழி பார்க்கிறவர், ரேடியோக்காரர் ஆகிய நாலு பேர் வீட்டுக்கும் உடனே தந்தி அனுப்பச் சொன்னார். கண்டக்டர் கம்பெனி லாரி வந்ததும் அதில் வந்த நாயக் என்கிற சிறு பதவிக்காரரிடம் நாலு தள்ளுகாரர்களின் பெயரையும் சொல்லி, "வீட்டுக்கெல்லாம் சொல்லிடுவாங்கல்ல?" என்று கேட்டார்.

"சொல்லாம இருப்பாங்களாண்ணே? எல்லாம் பாத்துக்குவாங்க" என்றார் நாயக். எதைக் கேட்டாலும் ஆகட்டும் என்கிற மனிதர் அவர். போகிற வழியிலேயே மறந்திருக்கக்கூடும்.

கூடாரத்தில் நாலு கட்டில்கள் காலியாகக் கிடந்தன. தகராறு இல்லாத சாப்பாட்டு வேளை எப்படிப்பட்டது என்று கண்டக்டருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒருவரும் பேசாமல் ரொட்டியை மென்றார்கள். அவரே ஒரு நாள், "இது வெந்திருக்கா வேகலையா, யாராவது சொல்லித் தொலைங்களேன்" என்று கத்திவிட்டு எழுந்து வெளியே போனார்.

மழை சற்று ஓய்ந்த ஒரு மத்தியானம் வாசல் காவலாளி ஆளனுப்பினார். ஒரு பெண் வந்து நிற்கிறாள், யார் சொன்னாலும் நகரமாட்டேன் என்கிறாள், தள்ளுகாரர்களில் யாராவது வாருங்கள் என்று.

கண்டக்டர் போனார். குள்ளமான பெண். சோப்புத் தொழிற்சாலைச் சீருடையோடு, கையில் ஒரு துணிப்பையோடு நின்றாள். பக்கத்தில் போனதும் சோப்பு வாசனை அடித்தது.

"நீங்கதான் கண்டக்டரா?"

"ஆமாம்மா."

"எங்க வீட்டுக்காரரு உங்களைப் பத்தி நிறைய சொல்லியிருக்காரு. நல்லதா ஒண்ணும் சொல்லல."

அவள் வக்கீலின் மனைவி என்று அவருக்கு அந்தப் பேச்சிலேயே புரிந்துவிட்டது. துக்கம் கேட்க வேண்டிய இடம் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அதற்குள் அவள், "அவரு எங்க?" என்றாள்.

கண்டக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா, வீட்டுக்கு யாரும் வரலியா?"

"வராம என்ன? ராணுவப் போலீஸ் வந்துச்சு. கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாத்தாங்க. தண்ணித் தொட்டியைத் திறந்து பாத்தாங்க. தெருவே கூடி நின்னு வேடிக்கை பாத்துச்சு. 'உன் புருஷன் வேலையை விட்டு ஓடிட்டான், எங்க ஒளிச்சு வச்சிருக்கே?'ன்னு ஒரு சார்ஜெண்ட் அதட்டறாரு. எனக்கே சந்தேகம்தான். அவரு ஓடக்கூடிய ஆளுதான். கல்யாணமான புதுசுல எங்கப்பாகிட்ட சண்டை போட்டுட்டு ரெண்டு நாள் காணாமப் போனாரு. இங்கயும் எந்த அதிகாரிகிட்டயாவது வாயைக் கொடுத்துட்டுக் கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பாருன்னு நினைச்சேன். எங்க இருக்காருன்னு சொல்லுங்க. வேற எவகூடயாவது இருக்காருன்னாலும் சொல்லுங்க. தாங்கிப்பேன்."

காவலறைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. கண்டக்டர் அவளை அதில் உட்காரச் சொன்னார். தானும் ஓரமாக உட்கார்ந்தார். விமானம், மேகம், தேடினது, கிடைக்காதது, எல்லாவற்றையும் சுற்றி வளைக்காமல் சொன்னார். சுற்றி வளைக்க அவருக்கு வரவும் இல்லை.

ஓடுதளத்தில் ஒரு விமானத்தின் எஞ்சினை மெக்கானிக்குகள் முடுக்கிவிட்டுப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் அடங்கியதும் அவள் கேட்டாள்.

"அப்போ அவரு ஓடல."

"ஓடலம்மா."

"அந்தப் போலீஸ்காரன் என் கட்டிலுக்கு அடியில தேடினானே, அப்போ..."

"அதுக்கு ரொம்ப முன்னாடியேம்மா."

அவள் பையின் வாயைச் சுருக்கிக் கட்டினாள். அவிழ்த்தாள். மறுபடி கட்டினாள்.

"இதை யாரு எனக்குச் சொல்லியிருக்கணும்?"

கண்டக்டர் "வாம்மா, கேப்போம்" என்று எழுந்தார்.

கண்ணாடிக்காரர் விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. பத்து பேர் வேலையை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருந்தவர்.

"விமானம் திரும்பலைன்னு கம்பெனிக்கு அன்னிக்கே நான் செய்தி அனுப்பினேன். தள்ளுகாரங்கள்ல யாரு ஏறினாங்கன்னு என்கிட்ட இல்ல. அவங்க ஆளு, அவங்க பேரெழுதிப்பாங்கன்னு விட்டுட்டேன்."

"நான் வாயாலதானே சார் ஏத்தினேன்" என்றார் கண்டக்டர்.

"தெரியும். அதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல. நீங்க ஒண்ணு பண்ணுங்க. நாளைக்கு இந்த அம்மாவைக் கூட்டிக்கிட்டுக் கம்பெனிக்குப் போய் நேர்ல சொல்லுங்க. லாரிக்கு நான் சொல்றேன்."

அன்று அவள் மருத்துவரின் கூடாரத்தில் ஒரு நர்ஸோடு தங்கினாள். மறுநாள் லாரியின் முன் இருக்கையில் இரண்டு பேரும் நகரத்துக்குப் போனார்கள். வழியெல்லாம் அவள் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். எப்படித் தள்ளுவார்கள், வார் எங்கே கட்டுவார்கள், அவருக்கு வாந்தி வந்ததா, என்ன சாப்பிட்டார். சாப்பாட்டுக் கதையைக் கேட்டதும், "பட்டினி கிடந்து பாக்கலாம்னு சொன்னாரா? வீட்டுலயும் அதுதான். நான் ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்ல. ராத்திரி அவரே எழுந்து தட்டைத் தேடுவாரு" என்றாள். கண்டக்டர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கம்பெனி ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் இருந்தது. அதன் கேப்டன் ஒரு கரும்பலகைக்கு முன்னால் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னது இதுதான்: விமானம் திரும்பவில்லை என்று செய்தி வந்தது உண்மை, ஆனால் கம்பெனிக்கு விமானம் எதுவும் கிடையாது, அதனால் குமாஸ்தா அது தவறி வந்த செய்தி என்று ஓரமாக வைத்துவிட்டார். மாதாமாதம் லாரியில் அனுப்பி வாங்குகிற ஆஜர் பட்டியலில் இந்த நாலு பேர் கையெழுத்து இல்லை. காரணம் தெரியாமல் ஆஜராகாதவர்களை ஓடிப்போனதாக எழுதுவதுதான் விதி.

"இப்போதான் காரணம் தெரிஞ்சுபோச்சே சார், மாத்தி எழுதிடுங்க" என்றார் கண்டக்டர்.

"போர்ல காணாமப் போனாங்கன்னு எழுதணும்னா, கடைசியா அவங்களைப் பாத்த பிரிவு எழுதித் தரணும். நான் பாக்கலையே."

"ஸ்குவாட்ரன்ல தங்களோட ஆளு இல்லைன்னு சொல்றாங்களே சார்."

"அங்கதான் சிக்கல்."

அவள் மேஜைக்குக் கிட்டே வந்தாள். "ஐயா, ஒண்ணு கேக்கறேன். ஓடிட்டாருன்னு எழுத யாரும் பாக்கத் தேவையில்ல. போயிட்டாருன்னு எழுத மட்டும் யாராவது பாத்திருக்கணுமா?"

கேப்டன் பென்சிலை மேஜையில் உருட்டினார். பிறகு, "ஸ்குவாட்ரன் நிர்வாக அதிகாரிகிட்ட சொல்லுங்க. அவரு என்ன வழி சொன்னாலும் நான் கையெழுத்துப் போடறேன். வேற என்னால முடியாதும்மா" என்றார். அந்தக் குரலில் உண்மை இருந்தது என்று கண்டக்டர் பின்னாளில் சொல்வார்.

திரும்பி வந்து சொன்னதைக் கண்ணாடிக்காரர் கவனமாகக் கேட்டார். கூடாரத்துக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். சட்டென்று நின்றார்.

"இறந்துபோன ஆளை ஒரு படையிலிருந்து இன்னொரு படைக்கு மாத்த முடியாது. ஆனா இவங்க இறந்துட்டாங்கன்னு யாரும் இன்னும் சொல்லலையே! காணாமப் போன ஆளை மாத்தக் கூடாதுன்னு எந்த விதியும் இல்ல. தள்ளுகாரங்க அத்தனை பேரையும் இங்க வந்த நாள்லேருந்தே ஸ்குவாட்ரன்ல சேந்ததா மாத்திடலாம். கேப்டன் சரின்னு சொல்லிட்டாரு இல்ல? அப்புறம் அந்த நாலு பேரும் எங்க ஆளு. எங்க ஆளு காணாமப் போனா எழுதறது என் வேலை."

அவளைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "ஆனா உங்ககிட்ட மறைக்கக் கூடாதும்மா. காணலைன்னு எழுதினா, இறந்துட்டாருன்னு முடிவு பண்ண ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் குடும்பத்துக்கு வரவேண்டியது முழுசா வராது. நீங்களும் ரெண்டுங்கெட்டானா காத்திருக்கணும்."

"காத்திருக்கேன். ஓடினவன் பொண்டாட்டியா இருக்கறதுக்குக் காணாமப் போனவர் பொண்டாட்டியா இருந்துட்டுப் போறேன்" என்றாள். பிறகு, "அவரு இங்க இருந்தவரைக்கும் உங்க ஆளுன்னு யாரும் சொல்லல. இல்லைன்னு ஆனப்புறம் சேத்துக்கறீங்க" என்றாள். குத்திக்காட்டுகிற குரலில் இல்லை. வானிலை சொல்கிற மாதிரி சொன்னாள். கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள். "என் வீட்டுக்கு வந்து தேடின அந்தப் போலீஸ்காரரு திரும்ப வரணும். எங்க தெருவுல நின்னு, இந்த ஆளு ஓடலைன்னு சொல்லணும்."

அது விதியில் எங்கேயும் இல்லாத விஷயம். பெரியவர் காதுக்குப் போனது. அவர் போலீஸ் பிரிவுக்குத் தானே தொலைபேசியில் பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது; மெக்கானிக்குகள் கூடாரம் வரைக்கும் சத்தம் கேட்டது என்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் போலீஸ் சார்ஜெண்ட் அவள் தெருவுக்கு வந்தார். ஸ்குவாட்ரன் சார்பில் கண்டக்டரை அனுப்பியிருந்தார்கள். குறுகலான தெரு. இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள், மாடிக்கு மாடி துணி காயப் போட்ட கயிறு. குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். போலீஸ் உடையைப் பார்த்ததும் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

சார்ஜெண்ட் அவள் வாசலில் நின்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு மெதுவாக, "உங்க வீட்டுக்காரர் ஓடிப்போகலைன்னு தெரிய வந்திருக்கு. வேலையில இருக்கும்போது விமானத்தோட காணாமப் போயிருக்காரு. வருத்தப்படறோம்" என்றார்.

"எனக்கு எதுக்குச் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே" என்றாள் அவள். "அன்னிக்கு எந்தப் பக்கம் திரும்பி அதட்டினீங்களோ அந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க."

அவர் தெருப் பக்கம் திரும்பிச் சொன்னார். குழாயடியிலிருந்து ஒருத்தி, "கேக்கல" என்றாள். மறுபடி சொன்னார். எதிர் மாடியிலிருந்து ஒரு கிழவர் காதில் கையை வைத்து, "என்னவாம்?" என்று கேட்டார். சார்ஜெண்ட் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தார். மூன்றாவது தடவை அவர் அணிவகுப்பு மைதானத்துக் குரலில் சொன்னபோது தெருமுனைத் தையல்கடையில் மிஷின் சத்தம் நின்றது.

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. சற்று நேரத்தில் உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. அதுவரை அவள் அழுது கண்டக்டர் பார்த்ததில்லை. குழாயடிப் பெண்கள் குடத்தை அப்படியே வைத்துவிட்டு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். வாசலில் இரண்டு ஆண்களும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். சார்ஜெண்ட் ஒரு சிகரெட்டை நீட்டினார். கண்டக்டருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வாங்கிக் காதில் செருகிக்கொண்டார்.

மற்ற மூன்று வீடுகளுக்கும் கண்டக்டரே போனார். ஒரு வீட்டில் அண்ணன்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு டீ கொடுத்து அனுப்பினார். ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை. கடைசி வீட்டில் அம்மாவுக்குக் காது கேட்காது. அவள் இவரைத் தன் மகனின் நண்பர் என்று நினைத்து, மகன் எப்போது வருவான் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அக்கம்பக்கத்தவர் வந்து புரியவைக்கும் வரைக்கும் அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் அவர் பிற்காலத்தில் அதிகம் பேசியதில்லை.

தள்ளுகாரர்கள் ஸ்குவாட்ரன் ஆட்களானதும் சமையல்காரர் அவர்களுக்குத் தனியாக ஒரு நீள மேஜை போட்டார். முதல் நாள் எல்லாருக்கும் சூடாகப் பரிமாறினார். கரண்டியைக் குறுக்கே நீட்டின மனிதர் இரண்டு தரம் வந்து போதுமா போதுமா என்று கேட்டார். எல்லாரும் தட்டைப் பார்த்தே சாப்பிட்டார்கள். கடைசியில் ஒருவன், "வக்கீல் இருந்திருந்தா, இதுல உப்பு கம்மின்னு இந்நேரம் ஒரு கேஸ் போட்டிருப்பான்" என்றான். மேஜை முழுக்கச் சிரிப்பு. சமையல்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. உள்ளே போய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து மேஜை நடுவில் டொக்கென்று வைத்தார். கண்டக்டர் எடுத்துப் போட்டுக்கொண்டார். உண்மையிலேயே கம்மியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகும் போர் முடியும்வரை அவர் பறந்தார். சூழப்பட்ட படை மீண்டு வந்தது. இன்னொரு விமானமும் திரும்பி வராமல் போயிற்று. அதில் ஏறியிருந்த எட்டு பேரின் வீட்டுக்கும் ஒரே நாளில் தந்தி போனது.

ஊர் திரும்பி மறுபடி பஸ்ஸில் ஏறினார். மாமனார், "அந்த வேலையை உங்களுக்காகப் பிடிச்சு வச்சது யாருங்கறீங்க?" என்று புதிதாக ஆரம்பித்தார். மகள் வளர்ந்திருந்தாள். அப்பாவிடம் ஒட்ட அவளுக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. போர் முடிந்து சில மழைக்காலங்கள் போனபின், மரம் வெட்டப் போனவர்கள் ஒரு மலைச்சரிவில் வக்கீல் ஏறிப் போன விமானத்தைக் கண்டெடுத்தார்கள். எட்டு பேரும் அதில் இருந்தார்கள். யார் எவர் என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை. ஒரே இடத்தில் அடக்கம் செய்து, ஒரே கல்லில் எட்டுப் பெயரையும் வெட்டினார்கள். வக்கீலின் மனைவி வந்திருந்தாள். கல்லைக் கிட்டப் போய்ப் படித்தாள். பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருக்கிறது என்று சொல்லி, கல் வெட்டினவரைத் தேடிப் பிடித்து அங்கேயே திருத்த வைத்தாள்.

சோப்புத் தொழிற்சாலையை விட்டுவிட்டு அவள் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கடை போட்டிருந்தாள். மார்க்கெட்டுக்குப் போகிற தடத்துக்குக் கண்டக்டரை மாற்றினபிறகு, வாரத்தில் பாதி நாள் அவர் பஸ்ஸில்தான் வருவாள். மடியில் ஒரு பெரிய கூடை இருக்கும்.

"கூடைக்குத் தனி டிக்கெட் எடுக்கணும்மா" என்பார்.

"கூடை என்ன சீட்டுலயா உக்காந்திருக்கு? என் மடியிலதானே இருக்கு. மடிக்கு டிக்கெட் எடுத்தாச்சு, அண்ணே."

"மடிக்கும் கூடைக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"அப்போ பக்கத்துல அந்தம்மா மடியில குழந்தை வச்சிருக்காங்களே, அதுக்கு ஏன் கேக்கல?"

பஸ்ஸே காது கொடுத்துக் கேட்கும். இரண்டு நிறுத்தம் வரைக்கும் வாதம் நடக்கும். கண்டக்டர் ஒரு நாளும் ஜெயித்ததில்லை. வீட்டுக்கு வந்து காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது மனைவி தையல் மிஷினை நிறுத்தாமலே கேட்பாள்.

"இன்னிக்கும் தோத்துட்டுத்தான் வந்தீங்களா?"

"இல்லடி, யோசிச்சுப் பாத்தா அவங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு" என்பார் அவர், கைகால் கழுவப் போய்க்கொண்டே.